எழுதியவருக்கும் இரவல் இல்லை

எட்டயபுரத்திலிருந்து கோவில்பட்டி வரும் பஸ்ஸில், என் முன்சீட்டில் இரண்டு பெண்கள். ஒருத்தி லைப்ரரிக்காரர் சம்சாரம்.

"எழுதுனவருக்கே குடுக்க மாட்டேன்னுட்டாவ, மதினி!"

"யாரு, எதை?"

"எங்க வீட்டுக்காரவியதான். முப்பது வருசமா ஒரே எழுத்தாளரு புஸ்தகமாச் சேத்து வச்சிருக்காவல்லா? அந்த எழுத்தாளரே நேத்து வீட்டுக்கு வந்துட்டாரு. அவரோட மொதப் புஸ்தகம் அவருகிட்டயே இல்லையாம். ஒரு வாரத்துக்கு இரவல் கேட்டாரு."

"அய்யய்யோ, பெறவு?"

"'இங்கனயே உக்காந்து படிங்க'ன்னுட்டாவ. அவரும் கோவிக்காம உக்காந்தாரு. நான் வச்ச போளியக்கூட, எண்ணெக் கை புஸ்தகத்துல படும்னு இவிய தூக்கிட்டுப் போயிட்டாவ."

"பாவம் அந்த மனுசன்!"

"இன்னுங் கேளுங்க. ஒரு வரி சரியில்லைன்னு திருத்தப் பேனாவ எடுத்தாரு. இவிய பாஞ்சு போயி கையப் புடிச்சுட்டாவ. 'புஸ்தகத்துல கிறுக்கப்படாது, சார்!'"