லாயிடின் கட்டைவிரல்

நான்கு வருடம் என்றால் ஆயிரத்து நானூற்று அறுபத்தோரு நாள். கலிபோர்னியாவில் ஒரு கம்பெனியின் வரிக்கணக்கைக் கணினி வழியே அனுப்பினால், முதலாளி கையெழுத்திட்ட ஒப்புதல் தாளை அத்தனை நாள் நாங்கள் வைத்திருக்க வேண்டும். வரித்துறையான உங்களுக்கு அனுப்புவதில்லை. நீங்கள் கேட்டால் காட்ட வேண்டும், அவ்வளவுதான்.

யுரேகா என்ற துறைமுக ஊரில் வரிக்கணக்கு பார்க்கும் எங்கள் அலுவலகத்துத் தாள்களுக்குப் பதினேழு வருடம் நான்தான் பொறுப்பு. ஒன்றைக்கூடத் தொலைத்ததில்லை.

டெய்னா எனக்குப் பிறகு வேலைக்கு வந்தவள். வாடிக்கையாளர்கள் என் மேஜையைத் தாண்டி அவளிடம் போனார்கள். நண்டுப் பருவத்தில் அவள் மேஜைக்கு அடியில் அவர்கள் தந்த நண்டோடு ஐஸ் பெட்டி இருக்கும். எனக்கு நண்டு ஒத்துக்கொள்ளாது. ஆனால் அது யாருக்கும் தெரியாது; யாரும் கொடுத்துப் பார்த்ததில்லை.

படகு எஞ்சின் பழுதுபார்க்கும் கம்பெனி நடத்தும் லாயிட் பதினோரு வருடம் என் வாடிக்கையாளர். ஒரு மார்ச் மாதம் வாசலில் நின்றே சொன்னார்.

"ஜூடித், தப்பா எடுத்துக்காத. உன் மூஞ்சியப் பாத்தாலே வரி கூடிப்போன மாதிரி இருக்கு. இந்தத் தடவை டெய்னா பாக்கட்டும்."

எல்லோரும் சிரித்தார்கள். "பாவம், விடுங்க லாயிட்," என்றாள் டெய்னா. சிரிப்பை நான் மறந்துவிட்டேன். அந்தப் 'பாவ'த்தை மறக்கவில்லை.

ஏப்ரலில் லாயிட் வண்டியை விட்டு இறங்க நேரமில்லை என்றார். டெய்னா ஒப்புதல் தாளோடு தெருவுக்கு ஓடினாள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். உள்ளே வந்து கணக்கை அனுப்பினாள். தாளை என்னிடம் தந்தாள். "பத்திரம், ஜூடித்."

அடுத்த வருடம் நீங்கள் ஒரு செலவுக் கழிவை மறுத்து லாயிடுக்கு அபராதம் போட்டீர்கள். "நான் எதுலயும் கையெழுத்தே போடல, அவளா அனுப்பிட்டா," என்றார் அவர். தாளைக் கேட்டீர்கள். கோப்பில் இல்லை.

"உன் கையிலதானே குடுத்தேன், ஜூடித்?"

"குடுத்திருந்தா கோப்புல இருக்குமே, டெய்னா."

பதினேழு வருடத்தில் ஒன்றும் தொலைக்காதவள் சொன்னதை எல்லோரும் நம்பினார்கள். அவளுக்கு வேலை போனது, உரிமம் போனது. மோசடி செய்தவள் என்று சொல்லி முன்னாள் கணவன் மகளைக் கூட்டிப் போனான். இப்போது மீன் ஆலையில் மீன் அரிகிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டுக்கு வருவாள். சூப் வைத்துக் கொடுப்பேன்.

"நீ ஒருத்திதான் என்னக் கைவிடல," என்பாள். போன ஞாயிறு கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். "ஒருவேளை நான் கையெழுத்தே வாங்கலையோ?"

"மறதி எல்லாருக்கும் வர்றதுதான்," என்றேன்.

நேற்றோடு ஆயிரத்து நானூற்று அறுபத்தோரு நாள் முடிந்தது. அதனால் இன்று உங்களிடம் வந்தேன். இதுதான் அந்தத் தாள். கையெழுத்துக்குப் பக்கத்தில் இருப்பது எஞ்சின் எண்ணெய், லாயிடின் கட்டைவிரல். அவள் தந்த அன்று மாலையே வீட்டுக்கு எடுத்துப் போனேன். எதற்கென்று அப்போது யோசிக்கவில்லை. அவளுடையது ஏதாவது ஒன்று என்னிடம் இருக்கட்டும் என்று தோன்றியது.

மடிப்புக்கூட விழவில்லை, பாருங்கள். விதி சொன்னபடி, ஒரு நாள் குறையாமல் நான்தான் வைத்திருந்தேன்.