மாமாவின் செருமல்

"அந்தச் செருமலை இன்னொரு மட்டம் செருமுங்க" என்றாள், குற்றாலம் பஸ்ஸில் என் முன் சீட்டில் இருந்த பெண். காலேஜ் விழாவில் பலகுரல் விகடக் கச்சேரி முடித்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவர் அவளைப் பார்த்தார்.

"மாமா மாதிரி நான் செருமினதும் பையங்க அப்படிச் சிரிச்சானுவ. நீ மட்டும் எந்திரிச்சிட்ட. போய்ச் சேந்த மனுசரக் கேலி பண்ணுதேன்னு கோவமோன்னு நெனச்சேன்."

"கோவமெல்லாம் இல்ல. அப்பா வயல்லருந்து வந்தா நடையில நின்னு அப்படித்தான் செருமுவாவ. நான் செம்புல தண்ணி கொண்டுபோவேன். இன்னைக்கும் தண்ணி எடுக்கத்தான் எந்திரிச்சேன். பெறவுதான் காலேஜுன்னு ஞாவகம் வந்துச்சு."

சாரலுக்காக இறக்கியிருந்த ஜன்னல் படுதாப் பக்கம் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு மெதுவாகச் செருமினார்.

"இந்தா வாரேம்ப்பா" என்றாள்.