இரண்டாவது கியர்

கறுப்பு வண்டியைத் துடைக்கப் பழைய பனியன் துணிதான் சரி, ஐயா. புதுத்துணி கீறல் போடும். இருபத்தாறு வருடம் அந்த இங்கிலீஷ் காரை அப்படித்தான் துடைத்தேன். உலகப்போர் முடிந்த கையோடு செய்த வண்டி. டாஷ்போர்டு முழுக்க மரப்பலகை, தோல் இருக்கை. உள்ளே உட்கார்ந்தால் எஞ்சின் ஓடுகிறதா என்றே சந்தேகம் வரும். முதலாளி பின்சீட்டில் பேப்பர் படிப்பார். என்னைத் தவிர யாரும் அதன் ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை. "பேசாம அதையே கட்டிக்கிட்டிருக்கலாம்" என்பாள் என் மனைவி.

தன் மகள் பாப்பாவுக்குக் கல்யாணமானதும் முதலாளி சாவியை மாப்பிள்ளையிடம் கொடுத்தார். எனக்கு மார்க்கெட் போய்வர ஒரு சின்ன வண்டி. "உனக்கும் வயசாச்சுல்ல, கொஞ்சம் ரெஸ்ட் எடு" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார்.

மாப்பிள்ளையையும் குறை சொல்லமாட்டேன். மரியாதை தெரிந்தவர். "அண்ணே, வண்டியோட குணமெல்லாம் சொல்லுங்க, எழுதிக்கிறேன்" என்று நோட்டும் பேனாவுமாக வந்து நின்றார். குளிரில் எப்படிக் கிளப்புவது, எந்தச் சத்தத்துக்குப் பயப்படவேண்டும், எதற்குப் பயப்படவேண்டாம், எல்லாம் சொன்னேன். பதினொரு பக்கம் எழுதினார். பிறகு சாவியைத் திருப்பினார். என்னிடம் தினமும் முரண்டு பிடிக்கிற வண்டி, அவருக்கு முதல் தடவையிலேயே கிளம்பிவிட்டது. எனக்கு வயிறு பற்றியெரிந்தது.

ஒன்றை மட்டும் விட்டுவிட்டேன். எங்கள் பங்களா மலைமேல் இருக்கிறது. இறங்கும்போது இரண்டாவது கியரிலேயே இறக்கவேண்டும். அவ்வளவு கனத்தைப் பிரேக்கை நம்பி இறக்கினால், நான்காவது வளைவுக்குள் பிரேக் சூடேறிப்போகும். அப்புறம் எவ்வளவு மிதித்தாலும் நிற்காது.

பிரேக்கில் கை வைத்தாயா என்று மூன்று முறை கேட்டுவிட்டீர்கள். அந்த வண்டிக்கு நான் ஒரு கெடுதலும் செய்யமாட்டேன். மெக்கானிக்கைக் கேளுங்கள், ஒரு ஸ்க்ரூகூட லூசாக இருக்காது.

ஞாயிற்றுக்கிழமை காலை இருவரும் டவுனுக்குக் கிளம்பினார்கள். பாப்பாவும் போவாள் என்று நான் நினைக்கவில்லை. ஐந்து வயதிலிருந்து பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விட்ட பிள்ளை. முன்சீட்டில் உட்கார்ந்து, கண்ணாடியை இறக்கி, என்னைப் பார்த்தாள்.

"டிரைவர் மாமா, எனக்கு உள்ளுக்குள்ள உதறுது. இவர்கிட்ட எல்லாம் சொல்லிட்டீங்கல்ல?"

சொல்ல வாயெடுத்தேன், ஐயா. அது சத்தியம். அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை ஸ்டியரிங்கை வருடிக்கொடுத்தார்.

"எல்லாம் சொல்லிட்டேன்மா. தைரியமாப் போயிட்டு வா" என்றேன்.

வளைவு தவறாமல் ஹார்ன் அடிக்கச் சொல்லியிருந்தேன். மாப்பிள்ளை சொன்னபடி கேட்பவர். பங்களா கேட் பக்கத்தில் நின்று எண்ணினேன். ஒன்று. இரண்டு. மூன்று.

பதறிப்போய் நின்றிருந்தேன் என்று தோட்டக்காரர் சொன்னாராமே, அதை ரிப்போர்ட்டிலிருந்து அடித்துவிடுங்கள். மூன்றாவது ஹார்ன் கேட்டதும் நான் உள்ளே போய்விட்டேன். நான்காவது வராது என்று எனக்குத் தெரியும்.