மத்தாப்புப் பெட்டி மல்லிகா

எம். புதுப்பட்டி போகிற காலை பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் மத்தாப்புக் கம்பெனிக்கு வேலைக்குப் போகிற இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். சின்னவள் சொன்னாள்:

"அக்கா, நம்ம மல்லிகா நேத்து டிவியில ஜெயிச்சிட்டா."

"எந்த மல்லிகா?"

"மல்லிகா மத்தாப்புப் பெட்டியில ஒட்டுறோம்ல, அந்த வெள்ளைக்காரப் பிள்ளை. டென்னிஸ் ஆடுறா. ஹாலந்தாம் அவ ஊரு."

"அது லேபிள் போட்டவுக ஏதோ பழைய வெளிநாட்டுப் புஸ்தகத்துல இருந்து எடுத்த படம்லடி. சின்னப் பிள்ளைல்ல அவ."

"அப்பச் சின்னப் பிள்ளை. இப்ப எம்புட்டு ஒசரம் தெரியுமா. பேர்போன ஆட்டக்காரிகளை எல்லாம் வரிசையாத் தோக்கடிச்சுக்கிட்டு மேல வாரா."

"அவதான்னு எப்படிச் சொல்லுத?"

"கன்னத்துல அதே மச்சம். அப்புறம் அவ கையைத் தூக்குற தூக்கு. லேபிள்ல அவ கையில இருந்த டென்னிஸ் பேட்டை அழிச்சிட்டுத்தான மத்தாப்பை வரைஞ்சிருக்காக."

பெரியவள் சின்னவள் பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்தாள்.

"இந்த சீசனுக்கு அவளை எடுத்துட்டு சினிமாக்காரி படத்தைப் போடணும்னாரே மொதலாளி. இவளை யாருக்குத் தெரியும்னு கேட்டாரு."

"இன்னைக்குப் போய்ச் சொல்லுவோம். ஆனா டிவிக்காரன் பேரை வேற என்னமோல்ல போட்டான். வாயிலயே நுழையல."

"அவன் கெடக்கான். அவன் காட்டுறதுக்கு எம்புட்டோ முன்னாடியே நாம ஒட்டியாச்சு. பெட்டியில என்ன அச்சடிச்சிருக்கோ, அதுதான் அவ பேரு."