ஒரே வயது

டோரீன் செய்யும் ஆப்பிள் கேக்கில் இனிப்பு எப்போதும் ஒரு கரண்டி கூடுதலாக இருக்கும். நான் சொன்னதில்லை. எண்பது வயதில் ஒருவரைத் திருத்தி என்ன ஆகப்போகிறது?

மூளை எப்படி மூப்படைகிறது என்பதை மரபணுக்களில் தேடுவது என் வேலை. முனைவர் பட்டம் முடித்து, ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட் நகரில் இரண்டு வருட ஆய்வு ஒப்பந்தத்தில் இருந்தேன். டோரீனும் மியூரியலும் ஒரே கரு பிரிந்து பிறந்த இரட்டையர். மியூரியலுக்கு எழுபதிலேயே நினைவு கலைந்துவிட்டது. நினைவைச் சோதிக்க அடிக்கடி வீட்டுக்குப் போவேன்; டோரீனோ தோட்டத்தில் எந்த மரத்தை எந்த வருடம் நட்டார் என்பதுவரை சொல்வார். இறந்தபின் மூளையை எங்களுக்குத் தருவதாக இருவரும் எப்போதோ எழுதிக்கொடுத்திருந்தார்கள். இப்படி ஒரு ஜோடி வாழ்நாளில் ஒருமுறை வாய்த்தாலே பெரிது.

மார்ச்சில் மியூரியல் போனார். அவர் மூளையை நானே உறைபெட்டியில் வைத்தேன். அடக்கம் முடிந்த அன்று டோரீன் என் தட்டில் கேக்கை வைத்துவிட்டு முறைத்தார்.

"என்ன லாக்கி, என் தலையையே பாத்துட்டிருக்க? பழுத்துருச்சான்னு பாக்குறியா?"

"ஐயோ, இல்ல டோரீன்."

"அவசரப்படாத கண்ணு. எங்கம்மா தொண்ணூத்தாறு வரைக்கும் கெடந்தா. நான் அவள உரிச்சு வச்சிருக்கேன்."

சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் ஒப்பிடும் இரண்டு மூளைகளும் ஒரே வயதில் இருக்க வேண்டும். டோரீன் உயிரோடு இருக்க இருக்க, வித்தியாசம் நோயால் வந்ததா வயதால் வந்ததா என்று சொல்ல முடியாமல் போகும். ஜூனில் என் ஒப்பந்தமும் முடிகிறது. வெண்ணெய் திரண்டுவரும்போது தாழி உடைவதைப் பார்த்துக்கொண்டிருக்க யாருக்கு மனம் வரும்?

அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. பிரியம்தான்.

ஏப்ரலில் ஒரு ஞாயிறு. சுட்ட ஆட்டுக்கறியும் உருளைக்கிழங்கும் சாப்பிட்டோம். "கொஞ்சம் கண்ணசர்றேன். பாத்திரத்தக் கழுவிட்டுப் போ" என்று சோபாவில் சாய்ந்தார். கழுவித் துடைத்து அடுக்கினேன். பிறகு சோபாவில் கிடந்த குட்டித் தலையணையை எடுத்து அவர் முகத்தில் அழுத்தினேன். அவர் கை என் சட்டையைப் பிடித்தது. தூக்கத்தில் குழந்தைகள்கூட அப்படிப் பிடிப்பதுண்டு.

நான்தான் போன் செய்தேன். உடன்பிறந்தவளை இழந்த துக்கம், வயது என்று மருத்துவர் தலையாட்டிவிட்டுப் போனார். மூளை கெடாமல் எங்களிடம் வந்து சேர்ந்தது.

பயந்த மூளையில் சில மரபணுக்கள் சட்டென்று விழித்துக்கொள்ளும். தூக்கத்தில் போனவர்களிடம் அவை அடங்கிக் கிடக்கும். டோரீனிடம் அத்தனையும் விழித்திருந்தன. அதைப் பார்த்துத்தான் என் பேராசிரியை காவல்துறைக்குச் சொல்லி, உங்களைக் கூப்பிட்டிருக்கிறார்.

அவரைக் குறை சொல்லமாட்டேன். நான் செய்ததையும் மறைக்கவில்லை. அந்தச் சோதனையை மட்டும் இன்னொரு முறை செய்து பார்க்கச் சொல்லுங்கள். கருவியில் ஏதோ கோளாறு. டோரீன் தூங்கிக்கொண்டுதான் இருந்தார்.