செத்தவருக்கு நீங்க யாரு?

— இருங்க, இருங்க. அழுகைய அப்புறம் வெச்சுக்கலாம். நான் கேட்டதுக்கு இன்னும் பதில் வரல. செத்தவருக்கு நீங்க யாரும்மா?

— எத்தன தடவதான் கேப்பீங்க வக்கீல் சார்? காகிதத்துல எழுதியிருக்கே.

— காகிதத்துல 'அண்ணன் மனைவி'ன்னு இருக்கு. அதான் கேக்குறேன். செத்தவரோட பொண்டாட்டி உயிரோட இருக்காங்க. அந்தம்மா தொழிற்சாலை மேல கேஸ் போடல. அண்ணி நீங்க போடணும்கிறீங்க. எடுத்த எடுப்புலயே ஜட்ஜ் கேப்பாரு, இதுல உனக்கு என்ன நஷ்டம்னு.

— எனக்கு என்ன நஷ்டமா? நல்லா இருக்கு சார் நியாயம்!

— நியாயம் வேற, உரிமை வேற. ரோட்டுல போறவங்க எல்லாம் யாருக்காக வேணா கேஸ் போட முடியாதும்மா. பாதிக்கப்பட்டவர் போடணும். அவரு இல்லன்னா பொண்டாட்டி, புள்ள, பெத்தவங்க. அண்ணி அந்த வரிசையிலயே இல்ல.

— கதவச் சாத்தலாமா சார்?

— எதுக்கு?

— வெளியில உங்க குமாஸ்தா உக்காந்திருக்காரு.

— அவருக்குக் காது மந்தம். நான் கத்துறதே பாதிதான் விழும். சரி, சாத்துங்க.

— செத்தது என் கொழுந்தன் இல்ல சார். என் வீட்டுக்காரர்.

— என்னது?

— வீட்டுல அண்ணன் தம்பி ரெண்டு பேர். பெரியவர் என் வீட்டுக்காரர், சின்னவர் கொழுந்தன். அந்தச் சாயத் தொழிற்சாலையில ரெண்டு பேரும்தான் வேலை செஞ்சாங்க. கழிவுத் தொட்டியில ஆள எறக்குறதுக்கு முன்னாடி விஷவாயு இருக்கான்னு பாக்குறதில்ல, இடுப்புல கயிறு கட்டுறதில்லன்னு மூணு வருஷம் முன்னாடி பெரியவர் கைப்பட ஒரு புகார் எழுதினாரு. மறுநாளே வாசல்ல நிறுத்திட்டாங்க. இந்தப் பேருக்கு இனிமே இங்க வேலை இல்லன்னு.

— அப்புறம் எப்படி உள்ள போனாரு?

— தம்பியோட அடையாள அட்டையில. ரெண்டு பேருக்கும் ஒரே முகவெட்டு. சின்னவருக்கு முதுகு வலின்னா இவரு போவாரு. காவக்காரருக்கும் தெரியும், சூப்பர்வைசருக்கும் தெரியும். தொட்டிக்கு ஒரு ஆள் வந்தாச் சரி அவங்களுக்கு.

— தொட்டியில எறங்கிச் செத்த அன்னிக்கும் தம்பி அட்டைதானா?

— சட்டப்பையில இருந்தது.

— உடம்ப அடையாளம் காட்டுனது யாரு?

— நான்தான்.

— நீங்களா! என்னன்னு காட்டுனீங்க?

— கொழுந்தன்னு.

— அடக் கடவுளே. ஏம்மா?

— சூப்பர்வைசர் காதோரம் வந்து சொன்னாரு. ஆள் மாறாட்டம்னு தெரிஞ்சா சின்னவரப் புடிச்சு உள்ள வெச்சுடுவாங்க, செத்தவருக்கும் நாங்க பொறுப்பில்லன்னு கைய விரிச்சுடுவோம்னு. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. ஒருத்தர் போனது போதும், இன்னொருத்தராவது வீட்டுல இருக்கட்டும்னு கையெழுத்துப் போட்டுட்டேன்.

— அக்கம்பக்கத்துல யாருக்கும் தெரியாதா?

— முகத்த மூடித்தான் குடுத்தாங்க. தெரிஞ்சாலும் யாரு வாயத் தொறப்பா? அந்தத் தெருவுல வீட்டுக்கு ஒருத்தர் அங்கதான் வேலை பாக்குறாங்க. அடக்கத்துல முன் நாற்காலி என் ஓரகத்திக்கு சார். வந்தவங்க எல்லாம் அவ கையப் புடிச்சுக்கிட்டு அழுதாங்க. நான் அண்ணி. அண்ணி எவ்வளவு அழணுமோ அவ்வளவுதானே அழ முடியும்? பாத்திரம் கழுவுறேன்னு பின்பக்கம் போய், குழாயத் தொறந்து விட்டுட்டு மிச்சத்த அழுதேன். பதினெட்டு வருஷம் அவரோட குடும்பம் நடத்துனவ.

— தண்ணி குடிங்கம்மா.

— வேணாம். இதப் படிங்க, கம்பெனி குடுத்த அறிக்கை. 'எச்சரித்தும் கேளாமல் தானாகவே இறங்கினார்.' யாரு? கயிறு கட்டாம எறங்காதீங்கன்னு சொல்லிச் சொல்லியே வேலைய எழந்த மனுஷனா? வயிறு எரியுது சார். எனக்கு அவங்க காசு வேணாம். அந்த சூப்பர்வைசரக் கூண்டுல ஏத்தி, கயிறு எங்கடான்னு ஒரே ஒரு கேள்வி கேக்கணும்.

— நல்ல கேள்விதான். ஆனா அதக் கேக்க நீங்க செத்தவரோட பொண்டாட்டியா இருக்கணும். காகிதப்படி உங்க வீட்டுக்காரர் குத்துக்கல்லாட்டம் உயிரோட இருக்காரு.

— என் ஓரகத்தி கேஸ் போட்டா?

— அந்தம்மாவுக்குக் காகிதப்படி உரிமை இருக்கு. ஆனா உண்மைய இப்ப எங்கிட்டச் சொல்லிட்டீங்களே. தெரிஞ்சே பொய் மனு போட்டா, நான் இந்தக் கறுப்புக் கோட்டக் கழட்டி மாட்டிட வேண்டியதுதான்.

— அப்ப என்னதான் சார் வழி?

— ஒரே வழி. சின்னவர் நேர்ல வந்து ஜட்ஜ் முன்னாடி நிக்கணும். 'நான்தான் அது, நான் சாகல'ன்னு சொல்லணும். அதச் சொல்லிட்டா, செத்தது உங்க வீட்டுக்காரர்னு நிரூபிக்கிறது என் பொறுப்பு. அட்டை குடுத்ததுக்கு அவருக்கும், அடையாளம் மாத்திச் சொன்னதுக்கு உங்களுக்கும் தண்டனை வரலாம். ஆனா கேஸ் நிக்கும். அந்தப் புகாரோட நகல் இருக்குல்ல?

— அலமாரியில பூட்டி வெச்சிருக்கேன். தண்டனை வரட்டும் சார், நான் பாத்துக்கறேன். சின்னவர் வருவாரு. அண்ணன் தோள்ல வளந்தவரு. ரெண்டு வாரமா பின்னறையில அடைஞ்சு கெடக்காரு, செத்தவரு தெருவுல நடமாட முடியாதே! அவர அழைச்சுட்டு வரத்தான் ஓரகத்திய அனுப்பியிருக்கேன். கதவு தட்டுற சத்தம் கேக்குது பாருங்க, அவதான். வாடி. என்ன, தனியா வர்ற?

— அக்கா...

— ஏன் இப்படி மூச்சு வாங்குது? அவரு எங்கடி?

— வரலக்கா.

— பயமா? நான் கூடவே நிக்கிறேன்னு சொன்னியா?

— வீட்டுலயே இல்லக்கா. காலையிலயே போயிட்டாரு.

— செத்தவரு எங்கடி போவாரு?

— வேலைக்கு.

— எந்த வேலைக்கு?

— அங்கதான்க்கா. நேத்து நீங்க கடைக்குப் போயிருந்தப்ப சூப்பர்வைசர் வந்தாரு. புது அட்டை கொண்டு வந்தாரு. நிரந்தர வேலையாம்.

— எந்தப் பேருல? ஏய், தரையப் பாக்காத, என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு. எந்தப் பேருல?

— பெரியவர் பேருலக்கா.

— பாவி...

— இருங்கம்மா, நீங்க உக்காருங்க. ஏம்மா சின்னவங்களே, வெறும் அட்டைதானா? வேற எதுலயாவது கையெழுத்து வாங்குனாங்களா?

— ஒரு கடுதாசியில வாங்குனாங்க வக்கீல் சார். அந்தப் புகார் எழுதுனது தப்பு, திருப்பி வாங்கிக்கிறேன்னு. பெரியவர் மாதிரியே போட்டாரு.

— போச்சு. புகாரையும் அடைச்சாச்சு, சாட்சியையும் அடைச்சாச்சு.

— கொன்னவங்களே அவர எழுப்பி வேலைக்கு வெச்சுக்கிட்டாங்களா! நல்லா இருக்குடி நியாயம்! அதெல்லாம் நடக்குறப்ப நீ என்னடி பண்ணிட்டிருந்த?

— கால்ல விழுந்தேன்க்கா, சத்தியமா. 'செத்தவனா எத்தன நாள்தான் இந்த மூலையில கெடக்குறது'ன்னு கேட்டாரு. எனக்குப் பதில் சொல்லத் தெரியல.

— எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லத் தெரியலயா? அவரு போற வரைக்கும் வாய மூடிட்டு இருந்துட்டு, இப்ப வந்து நிக்கிறியே. போடி. என் கண்ணு முன்னாடி நிக்காத.

— போறேன்க்கா. நீங்க என்ன திட்டினாலும் தகும். ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போறேன்.

— என்ன?

— அவர இன்னிக்கு அதே தொட்டியிலதான் எறக்குறாங்க. வாசல் வரைக்கும் ஓடிப் பாத்தேன், என்ன உள்ள விடல. இவருக்கு நீ யாருன்னு கேட்டாங்க.

— அதுக்கு நான் என்னடி பண்றது?

— நாளைக்கு அவருக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா, காகிதத்துல பொண்டாட்டி நீங்கதான். எனக்காக நீங்க கேஸ் போடுவீங்களாக்கா?