முத்திரை போட்ட மெஷின்

அறுபத்தாறு கிலோதானா? குடுத்து வெச்ச ஒடம்பு சார் உங்களுது. எறங்குங்க, எறங்குங்க, மூட்டை எடை போடணும்னு மில்லுக்கார பையா மொறைக்கறான். நீங்க ஏதோ கோதுமை அரைக்க வந்த எடத்துல சும்மா ஏறிப் பாத்தீங்க. நான் அப்படி இல்ல. ஞாயித்துக்கெழமையானா இந்த மாவு மில்லுக்கு வர்றதே இதுல ஏறத்தான். ராகி அரைக்கறது ஒரு சாக்கு. தீபாவளியப்ப எழுபத்தொம்பது. பொங்கலும் போயிடுச்சு, இன்னமும் எழுபத்தொம்பது. நடுவுல மார்கழியில ஒரு வாரம் எண்பத்திரண்டுக்கே போச்சு, பட்டினி கெடந்து மறுபடி இழுத்தாந்தேன். பென்ஷன் ஃபைல்கூட இந்நேரம் ஒரு டேபிள் நகந்திருக்கும் சார்.

தமிழ்தானேன்னு பாத்தேன்... போன்ல "வெச்சிடறேம்மா"ன்னீங்களே. நான் செல்வராஜ், பக்கத்து பிளாக்கு. சென்னையிலேர்ந்து டெல்லிக்கு மாத்தலா? அச்சா. அதான் லோதி ரோட்டுக் குளிருக்கு ஒத்த ஸ்வெட்டரோட நிக்கறீங்க. நமக்கு முன்னாடி இன்னும் மூட்டை இருக்கு, நிதானமாப் பேசலாம்.

எதுல விட்டேன்... ஆங், வெயிட்டு. எல்லாம் டாக்டர் ஆரம்பிச்சு வெச்சது. அம்பத்திமூணு வயசு, சுகர் வாசப்படியில நிக்குது, எழுபத்தஞ்சுக்குக் கீழ வாங்க, இல்லன்னா மாத்திரைன்னுட்டாரு. சரின்னு எறங்கினேன். எண்பத்தஞ்சுலேர்ந்து சர்ருனு எழுபத்தொம்பது. அதோட நின்னுது. டயட்டீஷியன் அம்மா என்ன சொன்னாங்க தெரியுமா? இது பீடபூமியாம். எட்டாங்கிளாஸ்ல தக்காணப் பீடபூமின்னு படிச்சோமே, அது இப்ப என் இடுப்பைச் சுத்தி வந்திருக்கு. அம்பதுக்கு மேல ஒடம்பு அப்படித்தானாம், கொஞ்ச நாள் அசையாதாம். இதைச் சொல்றதுக்கு ஒரு ஃபீஸு.

சோத்தை விட்டேன். இட்லிய விட்டேன். ஆபீஸ்ல ஒருத்தன் பதினாறு மணி நேரம் வாயைக் கட்டுங்கறான். இன்னொருத்தன் ரெண்டு மணிக்கொரு தரம் தின்னுங்கறான். ரெண்டு பேரும் நூறு கிலோ. வாசல்ல நிக்கிற ஜிம்முக்காரன், வெயிட்டு குறையணும்னா வெயிட்டைத் தூக்கிட்டு நடங்க அங்கிள்ங்கறான். எப்படி இருக்கு பாருங்க.

வீட்ல மெஷின் இல்லையாவா? இருக்கே. பிரபா வாங்கினது. என் சம்சாரம். கண்ணாடி மாதிரி ஒண்ணு, ஆன்லைன்ல. காலைல பனியனோட ஏறினா எழுபத்திநாலு காட்டுது. நான் நம்புவனா? இங்க பாருங்க, குனிஞ்சி பாருங்க... கம்பி கோத்து, ஈயத்துல சீல், வருஷத்தோட. அரசாங்கம் பாத்துக் குத்தின முத்திரை. முப்பது வருஷம் சர்க்காருல குப்பை கொட்டினவன் எதை நம்பறது, நீங்களே சொல்லுங்க. ஒரு காகிதத்துல சீல் இல்லன்னா நான் என் பேரையே நம்ப மாட்டேன்.

அதைத்தான் அவகிட்டயும் சொன்னேன். மெதுவாத்தான் சொன்னேன். அஞ்சு கிலோ வித்தியாசம் தன்னால வருமா, நான் டயட்டை விட்டுட்டுத் திங்கட்டும்னு நீயே மெஷினைத் திருகி வெச்சிருக்கேன்னேன். ரசத்துல நெய் மணக்குது, நீதான் திருட்டுத்தனமா ஊத்தறேன்னேன். அவ சண்டை கிண்டை போடல. துணிய எடுத்து வெச்சா. செருப்பு மாட்டறப்ப, "இனிமே அந்த சீல் போட்ட மெஷினையே சமைச்சிப் போடச் சொல்லுங்க"ன்னா. அவ்வளவுதான். துவாரகாவுல தங்கச்சி ருக்மிணி வீட்ல இருக்கா. நான் போன் பண்ணா ருக்மிணிதான் எடுக்குது. "அக்கா தூங்கறா மாமா"ங்குது. பட்டப்பகல் பதினோரு மணிக்கு.

வீடா... வீடு இருக்கு. ராகிக் கஞ்சியும் நானும். நேத்து டிவியில செய்தி வாசிக்கிற பொண்ணுகிட்ட, உப்பு கம்மின்னு சொல்லிட்டு உக்காந்திருந்தேன்.

அட, பல்லு தந்தியடிக்குதே உங்களுக்கு. இந்தாங்க, இந்தக் கோட்டைப் போட்டுக்குங்க. போடுங்க சார், என்ன மரியாதை. மச்சினன் மிலிட்டரியில இருந்தப்ப குடுத்தது. அசல் கம்பளி, உள்ள ஒரு ஆட்டு மந்தையே இருக்கு. மார்கழியில பொட்டியிலேர்ந்து எடுத்தேன், வெயில் வந்தாத்தான் கழட்டுவேன். எனக்கு உள்ள ஸ்வெட்டர் இருக்கு, கொஞ்ச நேரம் தாங்கும்.

ஆங், மெஷின் காலி. இப்ப பாருங்க வேடிக்கைய. எழுபத்தொம்பது காட்டும், அடிச்சு வெச்ச மாதிரி...

எழுபத்தஞ்சு.

பையா, மெஷின் கராப் ஹோ கயா க்யா? ... கெட்டெல்லாம் போகலையாம். சார், நீங்க ஏறுங்க. ஏறுங்களேன், கோட்டோடதான். அறுபத்தாறுதானே நீங்க...

எழுபது.

நாலு கிலோ. கோட்டு மட்டும் நாலு கிலோ. ஸ்வெட்டர், பூட்ஸு, மப்ளர் ஒரு கிலோ. கழிச்சா... எழுபத்திநாலு. அவ மெஷின் காட்டினது. மார்கழியில எண்பத்திரண்டு ஆச்சே, அதுகூட இந்தக் கோட்டை எடுத்த வாரம்தான். டாக்டர் சொன்னதுக்கும் கீழ எப்பவோ வந்துட்டேன் போல.

சீல் சரியாத்தான் இருக்கு. அதைக் குத்தம் சொல்ல முடியாது. ஏறினவன் எதைச் சுமந்துக்கிட்டு ஏறறான்னு அதுக்கென்ன வந்துச்சு.

இத்தனைக்கும் கோட்டு அவ தம்பி குடுத்தது. குடும்பமே சேந்துக்கிட்டு... வேணாம். இப்படிப் பேசித்தான் இந்த கதி.

துவாரகாவுக்கு ஐ.என்.ஏ.லேர்ந்து மெட்ரோ புடிச்சாப் போயிடலாம். இல்ல சார், கழட்டாதீங்க. கோட்டு உங்ககிட்டயே இருக்கட்டும். நான் இப்படியே போறேன். வாசல்ல நடுங்கிட்டு நின்னாத்தான் ஜல்தியாக் கதவைத் தெறப்பா. இந்த ராகி மாவையும் நீங்களே கொண்டுபோங்க, எனக்குப் போதும்.

ஒண்ணே ஒண்ணு. அந்தக் கோட்டோட இதுல மட்டும் ஏறாதீங்க. வீட்ல இருக்கறவங்க மேல சந்தேகம் வரும்.